கீழ் வலது, கடைசிக்கு முந்தையது

சசூன் டாக்கில் ஐஸ் உடைக்கிறேன்.
விடிகாலை மூன்றரைக்கு வண்டி வரும்,
சாக்குப் போர்த்திய பாளங்கள்.
மெஷின் கடித்துத் துப்பும், நான் வாரித் தள்ளுவேன்.
தெறிக்கும் சில்லில் ஒன்றை வாயில் போட்டு
நறுக்கென்று கடிப்பது பதினோரு வருஷப் பழக்கம்.
காசு இல்லை, போதை இல்லை,
யாரும் குறை சொன்னதில்லை.

தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போன வாரம்
முதல் சுருக்.
குளிர்ந்த தண்ணி பட்டால் வெட்டும்,
மிடறு இறங்கியதும் விட்டுவிடும்.
அப்போதே போயிருந்தால் அடைத்து அனுப்பியிருப்பார்களாம்,
நரம்பு பிழைத்திருக்குமாம்.
நான் இடப்பக்கமாய் மெல்லப் பழகிக்கொண்டேன்.

கணபதி கரைத்த பிறகு
சூடு கடிக்க ஆரம்பித்தது.
கட்டிங் சாயில் ஒரே மிடறு.
தாடையில் ஆணி அறைந்து
அரைமணி நேரம் அதை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள்.
எந்தப் பல் என்று விரல் வைக்கத் தெரியவில்லை.
மேலா, கீழா?
காதுக்குச் சொட்டு மருந்து வாங்கினேன், அதையும் சொல்கிறேன்.
ஹௌசாபாய் மீன்கூடையை இறக்கிவைத்து
இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து கிராம்பு கொடுத்தாள்.
இரண்டு ராத்திரி தாங்கியது.

படுத்தால் துடிக்கும்.
கோலியில் ஐந்து பேர் கிடக்க
ஆறாவது ஆள் நான் சுவரில் சாய்ந்து
நாடியைப் பல்லில் எண்ணிக்கொண்டிருந்தேன்.
மடியில் ஐஸ் தண்ணி பாட்டில்.
எது முதலில் வெட்டியதோ
அதை வாயில் வைத்திருந்தால்தான் இப்போது வலி நிற்கிறது.
வெதுவெதுத்ததும் திரும்ப வருகிறது.

நாயர் ஆஸ்பத்திரி வரிசையில்
கன்னம் நிறையத் தண்ணியோடு நின்றவனைப் பார்த்ததுமே
பாருல் என்கிற படிக்கிற பெண்ணுக்குப் பாதி புரிந்துவிட்டது.
நாற்பத்தேழு என்று எழுதினாள்.
முப்பத்தெட்டு என்றேன்.
பல்லின் நம்பர் என்றாள்.

நீலச் சாயம் தடவித் துடைத்தாள்.
மயிர் கனத்தில் ஒரு கோடு மட்டும் நீலமாய் நின்றது.
"ஐஸ் கடிப்பீங்களா?"
போலீஸைப் பார்த்தது போல் தலை குனிந்தேன்.

பல்லுக்குள் ஒரு அறை இருக்கிறது,
அதில் சதையும் ரத்தமும் நரம்பும்.
அடிபட்ட சதை வீங்கும். இதற்கு வீங்க இடமில்லை,
சுவர் எலும்பைவிடக் கெட்டி,
தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ளும்
என்று இந்தியில் நிதானமாய்ச் சொன்னாள்.
எனக்கா புரியாது.
ஆறு பேர், பத்துக்குப் பத்து.

உயிர் போகுது தாயி என்று முனகினேன்.
அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும்
உள்ளே செத்துக்கொண்டிருக்கிறது,
நாளைக்கே வலி நின்றால் சந்தோஷப்படாதீங்க,
சீழ் வைக்கும் என்றாள்.

ஊசி.
பாதி நாக்கும் பாதி உதடும்
பெட்டியில் அடுக்கிய மீனாய் விறைத்தன.
துளை போட்டு, மெல்லிய அரங்கள்
ஒன்றை எடுத்து ஒன்றை விட்டு.
பஞ்சில் வைத்துக் காட்டினாள்:
மத்தி முள் அளவுக்குச் சிவப்பாய் ஒரு நூல்.
இதுவா,
பதினேழு ராத்திரி, இதுவா.

மூன்று தடவை போனேன்.
கழுவி, மருந்து வைத்து, ரப்பர் மாதிரி எதையோ நிரப்பி மூடினாள்.
தொப்பி போடணும், இல்லாவிட்டால் பிளந்துவிடும் என்றாள்.
விலையும் சொன்னாள்.
தீபாவளி கழியட்டும் என்றேன்.
காஸ்பர் பாயி, எந்த தீபாவளி என்று கேட்டாள்.

நேற்று ஒரு சில்லு உதட்டில் தெறித்தது.
நாக்கால் தள்ளி நாற்பத்தேழின் மேல் நிறுத்தினேன்.
கடிக்கவில்லை. வைத்துத்தான் பார்த்தேன்.
பக்கத்துப் பல் கூசியது.
இது கல் மாதிரி இருந்தது.
அதற்காக வருத்தப்படுவதா என்று யோசிப்பதற்குள்
ஹௌசாபாய் பார்த்துவிட்டாள்.
துப்புடா என்றாள் மராத்தியில்.
துப்பினேன்.
பாப்லெட் கூடையில் விழுந்து
மற்ற ஐஸோடு கலந்துவிட்டது.